திறந்த வெளியில் ஒரு மாடம்: லித்துவேனிய மரக் குருசடிகளின் வரலாறு

லித்துவேனியாவின் கிராமப்புறங்களில் வழி பிரியும் இடங்களிலும் வயல் ஓரங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் பண்ணை வீட்டு முற்றங்களிலும் மரக் குருசடிகள் நிற்கின்றன. பெரும்பாலானவை ஒரு மீட்டர் முதல் ஐந்து மீட்டர் வரை உயரமுள்ளவை. ஓக் மரத்தில் செய்தவை. உள்ளே நுழைந்து மண்டியிடும் அளவுக்கு இடமுள்ளவை மிகக் குறைவு. மாடத்துக்குள் சுரூபத்துக்கு மட்டுமே இடம். வேண்டிக்கொள்பவர் வெளியே, வானத்தின் கீழ்தான் நிற்க வேண்டும். கூரை, அதன் அடியில் ஒரு மாடம், உச்சியில் ஒரு சிலுவை: ஒரு கோயிலுக்கு இதற்குக் குறைவாக எதுவும் போதாது, இதற்கு மேல் எதுவும் கட்டாயமில்லை என்ற முடிவுக்கு அந்நாட்டு ஊர்த் தச்சர்கள் வந்திருந்தார்கள்.

நிலத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வடிவம் விளங்கும். லித்துவேனியாவில் 300 மீட்டரை எட்டும் குன்று ஒன்றுகூட இல்லை. பனிப்பாறைகள் நகர்ந்து விட்டுச்சென்ற சமவெளி, மெல்லிய மேடுகள், ஏரிகள், காடுகள், இவற்றின் நடுவே தாழ்ந்த கூரையுள்ள மர வீடுகள். இப்படிப்பட்ட இடத்தில் அகலமாக எதைக் கட்டினாலும் அது நிலத்தோடு படிந்துவிடும். ஒல்லியாக நிமிர்ந்து நிற்பது எதுவோ, அதுவே தொலைவிலிருந்து வருபவர் கண்ணில் முதலில் படும். ஒரு குடியானவக் குடும்பத்தின் செலவுக்கு அடங்கியதும் அதுதான். குருசடி மேல்நோக்கி வளர்ந்ததற்குப் பக்தி எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் இந்தத் தட்டையான நிலமும் என்று கொள்ளலாம்.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்பதில் நூறாண்டுக்கும் மேலாக வாதம் நடக்கிறது. ஐரோப்பாவில் கடைசியாகக் கிறிஸ்தவத்தை ஏற்ற அரசு லித்துவேனியா. 1387இல் மன்னர் யோகைலாவின் காலத்தில் திருமுழுக்கு நடந்தது. மேற்கிலுள்ள ஜெமைத்தியா நிலப்பகுதியில் அது 1413இல்தான் தொடங்கியது. அதன் பிறகும் நெடுங்காலம் மக்கள் மரங்களையும் ஊற்றுகளையும் பாம்பையும் வணங்கியதைப் பாதிரியார்கள் குறைகூறி எழுதினார்கள். அறிஞர் யோனாஸ் பசனாவிச்சியுஸ், 1912இல் வெளிவந்த அந்தானாஸ் யாரோஷெவிச்சியுஸின் சிலுவைப் படத்தொகுப்புக்கு எழுதிய கட்டுரையில், இந்தக் குருசடிகளின் வேர் கிறிஸ்தவத்துக்கு முந்திய காலத்தில் இருக்கிறது என்று வாதிட்டார். தொல்லியலாளர் மரியா கிம்புட்டாஸ் 1958இல் எழுதிய நூலில் அதே திசையில் இன்னும் தொலைவு போனார். சிலுவையைச் சுற்றிய சூரியக் கதிர்கள், இளம்பிறை, பாம்பு, பறவை, செடிகொடிகள் ஆகியவற்றில் பழைய வழிபாட்டின் அடையாளங்களை அவர் கண்டார்.

இந்த வாதத்துக்கு ஒரு பெரிய தடை உண்டு. மரம் மக்கும். இன்று கையில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பின்னையும் சேர்ந்தவை. இடையில் உள்ள நானூறு ஆண்டுகளின் வேலைப்பாடு கண்ணுக்குக் கிடைக்கவில்லை. கதிர்களைப் பொறுத்தவரை, பரோக் காலக் கதிர்ப்பாத்திரத்தைப் பார்த்த எந்தத் தச்சரும் அவற்றைக் கோயிலிலிருந்தே எடுத்திருக்க முடியும். கையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் துயருற்ற கிறிஸ்துவின் சுரூபமும் அப்படித்தான். லித்துவேனியர்கள் அதை ரூபிந்தொயேலிஸ் என்று செல்லமாக அழைக்கிறார்கள். தங்கள் நாட்டின் முகமாகவே கருதுகிறார்கள். ஆனால் அது இடைக்காலத்தின் இறுதியில் ஜெர்மானிய நாடுகளில் பரவி, போலந்து வழியாகக் கிழக்கே வந்த வடிவம். ஆக, பழைய நம்பிக்கை ஒன்று முழுசாக மறைந்து உயிர்வாழ்ந்தது என்பதைவிட, கோயிலில் கண்டதை ஊர்த் தச்சர் தனக்குப் பழகிய அலங்காரங்களோடு கலந்தார் என்பதே கிடைத்திருக்கும் சான்றுகளுக்குப் பொருந்துகிறது. அந்தக் கலப்பின் அழகு இதனால் எள்ளளவும் குறைவதில்லை.

17ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கச் சீர்திருத்த இயக்கம் வலுப்பெற்றபோது வழிபாடு கோயில் சுவரைத் தாண்டி வெளியே வந்தது. ஜெமைத்தியாவின் ஆயர் யுர்கிஸ் திஷ்கேவிச்சியுஸ் அந்நூற்றாண்டின் முற்பாதியில், இன்று ஜெமைச்சியூ கல்வாரியா எனப்படும் இடத்தில், சிலுவைப்பாதை நிலையங்களை மேடுகளிலும் பள்ளங்களிலும் பரப்பி அமைத்தார். ஒவ்வொரு நிலையமும் ஒரு சிற்றாலயம். நிலப்பரப்பு முழுவதையுமே வழிபாட்டிடமாகக் கருதும் பார்வை இப்படித்தான் சாதாரண மக்களிடம் பழகியது. ஆண்டவரின் விண்ணேற்ற விழாவுக்கு முந்திய நாட்களில் ஊரார் பவனியாகச் சிலுவைக்குச் சிலுவை நடந்து, விளைச்சலுக்காக வேண்டிக்கொள்வார்கள். மே மாத மாலைகளில், தொலைவிலுள்ள கோயிலுக்குப் போக முடியாதவர்கள் ஊர்ச் சிலுவையின் அடியில் கூடி மாதா மன்றாட்டைப் பாடுவார்கள். அப்போது அந்தக் கம்பத்தைச் சுற்றியிருந்த புல்வெளியே கோயில் ஆனது.

குருசடி வைப்பதற்கான காரணங்கள் குடும்பத்தின் கதைகளே. நோயில் நேர்ந்துகொண்டது, குழந்தை பிழைத்தது, திருமணம், புதுவீடு, வெளிநாடு போன மகன், விபத்தில் ஒருவர் இறந்த இடம். நேர்த்திக்கு ஏற்ப மாடத்துக்குள் புனிதர் மாறுவார். தண்ணீரில் மூழ்கடிக்கப்பட்டு இறந்த நெப்போமுக் யோவான் ஆற்றங்கரைகளிலும் பாலங்களின் அருகிலும் நின்றார். வயலுக்கு உழவரான இசிதோர். கால்நடைக்கும் குதிரைக்கும் ஜார்ஜ். தீயிலிருந்து காக்க, வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றும் புளோரியன். நெஞ்சில் வாள் பாய்ந்த வியாகுல மாதாவும் இறந்த மகனை மடியில் கிடத்திய மாதாவும் எல்லா இடங்களிலும் உண்டு. பெண்கள் சிலுவையில் கைக்குட்டையோ இடுப்பில் கட்டும் முன்றுணியோ கட்டிவைப்பதும் வழக்கம். திருமணத்துக்கு ஒன்று, பிள்ளைப்பேற்றுக்கு இன்னொன்று.

வடிவங்கள் நான்கு என்று பொதுவாகப் பிரிப்பார்கள். நடைமுறையில் ஒன்றோடொன்று கலந்தவையே மிகுதி. எளியது சிலுவை. கிழக்கிலும் தெற்கிலும், குறிப்பாகத் த்ஸூக்கியாவில், அது மிக உயரமாக, அலங்காரம் குறைவாக எழும். இரண்டாவது கூரைக்கம்பம்: ஒரு தூணின் மேல் ஒன்று முதல் மூன்று வரை அடுக்கடுக்கான சிறு கூரைகள், அவற்றைத் தாங்கும் செதுக்கிய கட்டைகள், நடுவில் சிறு சுரூபம். மூன்றாவது மாடக்கம்பம். தூணின் உச்சியில் ஒரு குட்டி வீடு உட்கார்ந்திருக்கும். அதன் பக்கங்கள் திறந்தோ கண்ணாடி போட்டோ இருக்கும். நான்காவது, தூண் இல்லாத சிற்றாலயம். இது ஜெமைத்தியாவின் தனிச்சொத்து என்றே சொல்லலாம். கல் அடுக்கிய அடித்தளத்தின் மேலோ மரத்தின் அடிப்பகுதியில் ஆணியடித்தோ வைக்கப்படும். முன்புறத்தில் சிறு தூண்கள், மேலே சிறு கோபுரம், உச்சியில் கருமான் அடித்த இரும்புச் சிலுவை. ஒரே சிற்றாலயத்துக்குள் ஏழெட்டுச் சுரூபங்கள் நெருங்கி நிற்பதும் உண்டு, ஒரு குடும்பமே சன்னலில் வந்து நிற்பதைப் போல.

வடிவமைப்பின் உண்மையான சிக்கல் மழைதான். ஓக் மரத்தின் வைரம் பாய்ந்த உட்பகுதி பல பத்தாண்டுகள் தாங்கும். அதைச் சுற்றியுள்ள வெளிறு விரைவில் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் இரையாகும். அதனால் தச்சர் முதலில் வெளிறைச் செதுக்கி நீக்குவார். மரத்தின் வெட்டுமுகம் குழல்கள் திறந்த பகுதி. அது மேல்நோக்கி இருந்தால் மழைநீர் நேராக உள்ளே இறங்கும். ஆகவே தூணின் தலைக்கும் சிலுவைக் கைகளின் நுனிக்கும் மூடி வேண்டும். குருசடிகளின் சிலுவையைக் கவிந்து நிற்கும் குட்டிக் கூரை, கைகளின் முனையில் பூவாக விரியும் செதுக்கல், கூரைக்கம்பத்தின் அடுக்குகள் எல்லாம் இந்தத் தேவையிலிருந்து வளர்ந்தவை. ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழுள்ள பொருத்தைக் காக்கிறது. கூரையின் விளிம்பு வெளியே நீண்டிருப்பதால் சொட்டும் நீர் சுரூபத்தின் மேல் படாமல் தள்ளி விழுகிறது. விளிம்பில் தொங்கும் துளைவேலைப் பலகை பார்வைக்கு அழகு. காற்றோடு சாய்ந்து வரும் சாரலையும் அது உடைக்கிறது. பயனையும் அலங்காரத்தையும் பிரித்துக் காட்ட முடியாத இந்த நிலைதான் சிறந்த குருசடியின் அடையாளம்.

காக்க முடியாத இடம் ஒன்று உண்டு: மண்ணும் காற்றும் சந்திக்கும் அடிப்பாகம். ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் அந்த ஒரு சாண் உயரத்தில்தான் எந்தக் கம்பமும் முதலில் உளுத்துப்போகும். அப்படி ஆனதும் உளுத்த பகுதியை அறுத்துவிட்டு மீதியை மறுபடி நடுவார்கள். கம்பம் ஒவ்வொரு முறையும் குட்டையாகும். இறுதியில் கம்பம் போய்விடும். கூரைக்கடியில் இருந்த சுரூபம் நன்றாகவே இருக்கும். புதுக் கம்பம் செய்து பழைய சுரூபத்தை அதில் ஏற்றுவார்கள். இதனால் ஒரே குருசடியில் மாடம் பேரனின் காலத்ததும் மாதா பாட்டனின் காலத்ததுமாக இருப்பது இயல்பு. விழுந்த சிலுவையை அடுப்புக்கு விறகாக்குவது தகாது என்பதும் கட்டுப்பாடு. அது கல்லறைத் தோட்டத்தின் மூலையில் மெல்ல மண்ணாகும்.

சுரூபத்துக்கு ஓக் ஏற்றதல்ல; நுணுக்கமாகச் செதுக்க வராது. மென்மையும் சீரான இழையோட்டமும் கொண்ட லிண்டன் மரத்தையே பெரும்பாலும் எடுத்தார்கள். செதுக்கியபின் வண்ணம் பூசுவார்கள்: நீலம், சிவப்பு, வெள்ளை, பச்சை. வெயிலில் வெளிறும்போது வீட்டுக்காரரே மறுபடி பூசுவார். அருங்காட்சியகத்தில் இன்று சுத்தம் செய்யப்படும் சுரூபங்களின் மேல் பல அடுக்கு வண்ணம் உரிந்து வருவது இதனால்தான். அந்த அடுக்குகளைக் கலையின் கெடுதலாக நினைத்து நீக்கியவர்கள் உண்டு. உண்மையில் அவை பல தலைமுறைகள் காட்டிய அக்கறையின் பதிவு.

இவற்றைச் செய்தவர்களைத் தியெவ்திர்பிஸ் என்றார்கள். பள்ளியில் சிற்பம் பயின்றவர்கள் அல்லர். நூற்புச் சக்கரமும் நாற்காலியும் செய்த கைதான் புனிதர்களையும் செய்தது. பெயர் எழுதிவைக்கும் வழக்கம் இல்லாததால் பலருடைய பெயர் தெரியாமலே போய்விட்டது. பெயர் நிலைத்தவர்களில் முதலிடம் வின்ட்சாஸ் ஸ்விர்ஸ்கிஸுக்கு. 1835 முதல் 1916 வரை வாழ்ந்த அவர், நாட்டின் நடுப்பகுதியில், கேதைனியை வட்டாரத்தில், பண்ணை பண்ணையாகப் போய் வேலை செய்தார். சிலுவை முடியும்வரை வீட்டுக்காரர் சாப்பாடும் தங்க இடமும் தருவார். மற்றவர்கள் மாடம் செய்து அதற்குள் சுரூபத்தை வைத்தபோது, ஸ்விர்ஸ்கிஸ் பெரிய ஓக் அடிமரத்திலிருந்தே தூணையும் உருவங்களையும் ஒன்றாகக் குடைந்தெடுத்தார். அவருடைய மாதாவும் வானதூதர்களும் மரத்துக்குள் வைக்கப்பட்டவர்களாகத் தெரிவதில்லை, மரத்திலிருந்து வெளியே வருபவர்களாகத் தெரிகிறார்கள். அவர் 200 அளவில் சிலுவைகள் செய்ததாகக் கணிக்கிறார்கள். எஞ்சிய சில பத்துகளில் ஒரு பகுதி கவ்னாஸ் நகரின் சியூர்லியோனிஸ் தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஸ்விர்ஸ்கிஸ் உழைத்த காலத்தின் பெரும்பகுதி தடையின் காலம். 1795இல் நாடு ரஷ்யப் பேரரசின் கீழ் வந்திருந்தது. 1831இலும் 1863இலும் எழுந்த கிளர்ச்சிகள் அடக்கப்பட்டன. இரண்டாவது எழுச்சிக்குப் பின் வில்னியஸில் ஆளுநராக இருந்த மிகயீல் முராவியோவ் கத்தோலிக்கத் திருச்சபையை அரசின் எதிரியாகவே நடத்தினார். சாலையோரங்களில் சிலுவை நடுவதற்குத் தடை வந்தது. 1864 முதல் 1904 வரை இலத்தீன் எழுத்தில் லித்துவேனிய மொழியில் அச்சிடுவதும் குற்றம். அதற்கு முன் குருசடி ஒரு வீட்டின் நேர்த்தி. அதன் பிறகு அது மொழியையும் மதத்தையும் விட்டுக்கொடுக்காததன் அடையாளமும் ஆனது. ஷியவ்லை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழைய கோட்டை மேட்டில், கிளர்ச்சிகளில் மாண்டு உடல்கூடக் கிடைக்காதவர்களுக்காக உறவினர்கள் சிலுவை வைத்தார்கள் என்பது மரபு. அதுவே சிலுவைக் குன்று.

தடை தளர்ந்த பின்னரும், 1918இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் வேலை பெருகியது. கூட்டமாக வாழ்ந்த கிராமங்கள் பிரிந்து ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தின் நடுவே வீடு கட்டிய காலமும் இதுவே. தனிப்பண்ணை தனிக்குருசடியைக் கேட்டது. அறிஞர்களும் அப்போதுதான் ஊர் ஊராகப் போனார்கள். ஓவியர் அதோமாஸ் வர்னாஸ் சிலுவைகளைப் படமெடுத்து 1926இல் தொகுப்பு வெளியிட்டார். இயற்பியலாளரான இக்னாஸ் கோன்ச்சியுஸ் ஜெமைத்தியாவின் சாலைகளில் பயணம்செய்து, வழியில் கண்ட ஒவ்வொரு சிலுவையையும் சிற்றாலயத்தையும் இடம் குறித்துக் கணக்கெடுத்தார். அளவீட்டில் பழகிய ஒருவர் இந்த வேலையைச் செய்தது நல்வாய்ப்பு. பின்னர் அழிந்தவற்றில் எது எங்கே நின்றது என்று இன்று தெரிவதற்கு இப்படிப்பட்ட பதிவுகளே உதவுகின்றன. 1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு யுவோசாஸ் மிகேனாஸ் பெரிய அளவில் ஒரு ரூபிந்தொயேலிஸ் செய்தார். வயலோரச் சுரூபம் நாட்டின் சின்னமாக உலகின் முன் வைக்கப்பட்டது.

1940இல் சோவியத் படைகள் வந்தன. 1941இலும் போருக்குப் பிந்திய ஆண்டுகளிலும் பல்லாயிரம் குடும்பங்கள் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டன. அங்கேயும் அவர்கள் கிடைத்த மரத்தில் கல்லறைச் சிலுவைகளைச் செதுக்கினார்கள். ஊரில் சாலையோரச் சிலுவைகள் அகற்றப்பட்டன. ஆனால் அவற்றுக்குப் பெருங்கேடு வந்தது நேரடியான வெறுப்பால் மட்டுமல்ல. 1960களில் கூட்டுப்பண்ணைகளுக்காக நிலத்தைச் சமன்செய்து வடிகால் அமைத்தபோது தனிப்பண்ணை வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிக்கப்பட்டன. முற்றமே இல்லாமல் போனபோது முற்றத்துக் குருசடியும் போனது. சிலுவைக் குன்றை 1961இல் புல்டோசர் கொண்டு அழித்தார்கள். மரச் சிலுவைகள் எரிக்கப்பட்டன, இரும்பு பழைய இரும்பாகப் போனது. 1970களில் மீண்டும் அழித்தார்கள். ஒவ்வொரு முறையும் இரவோடு இரவாக மக்கள் புதிய சிலுவைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். மரமாக இருந்தது இங்கே பலவீனமாக இல்லை. ஒரு மரமும் ஓர் உளியும் இருந்தால் அழித்ததை மறுபடி செய்துவிடலாம்.

தச்சர்களின் கைத்திறன் அந்த ஆண்டுகளில் வேறு பெயரில் உயிர் பிழைத்தது. சிலுவை செய்ய முடியாது. நாட்டுப்புறக் கலை என்று கூரைக்கம்பம் செய்யலாம். 1941 ஜூனில் நாஜிப் படைகள் மக்களைக் கொன்று எரித்த அப்லிங்கா கிராமத்தில் 1972இல் செதுக்குநர்கள் கூடி ஓக் மர நினைவுக் கம்பங்களை நிறுவினார்கள். ஓவியரும் இசையமைப்பாளருமான சியூர்லியோனிஸின் நூற்றாண்டையொட்டி 1975இல் வரேனாவிலிருந்து த்ருஸ்கினின்கை போகும் சாலையோரத்தில் செதுக்கிய கம்பங்கள் எழத் தொடங்கின. உச்சியில் சிலுவை இல்லை. தூணும் கூரையும் அடுக்கும் பழையவையே. ரொக்கிஷ்கிஸ் வட்டாரத்தில் லியோங்கினாஸ் ஷெப்கா தனியாளாக நுண்ணிய வடிவங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தார். 1974இல் பொதுமக்களுக்குத் திறந்த ரும்ஷிஷ்கேஸ் திறந்தவெளி அருங்காட்சியகம் பழைய வீடுகளோடு குருசடிகளையும் காத்தது. இந்த மாற்றுவழிகளைச் சமரசம் என்று குறைத்துப் பேசுவது நியாயமில்லை. பொருத்து வெட்டவும் கூரை கவிக்கவும் தெரிந்த ஒரு தலைமுறை 1980களின் இறுதியில் உளியோடு தயாராக இருந்தது இவற்றால்தான்.

1990இல் நாடு மீண்டும் விடுதலையை அறிவித்தபோது முதலில் திரும்பியவற்றில் குருசடியும் ஒன்று. நாடு கடத்தப்பட்டவர்களின் நினைவாகவும், 1991 ஜனவரி 13 அன்று வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தருகே சோவியத் படையால் கொல்லப்பட்டவர்களின் நினைவாகவும் மரச் சிலுவைகள் எழுந்தன. 1993 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சிலுவைக் குன்றில் திருப்பலி நிறைவேற்றினார். 2001இல் யுனெஸ்கோ லித்துவேனியச் சிலுவை செதுக்கும் மரபை மனித குலத்தின் அருங்கலையாக அறிவித்தது. 2008இல் அது உலகின் தொட்டறிய முடியாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டுகளில் மாடங்களிலிருந்து பழைய சுரூபங்கள் திருடுபோனதால் பல இடங்களில் மூலத்தை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், மாடத்தில் நகலை வைத்திருக்கிறார்கள்.

இன்று ஒரு குருசடி எழுப்பும் முறையில் மாற்றங்கள் உண்டு. பெரிய அடிமரத்தைச் சங்கிலி ரம்பம் உருவாக்குகிறது. நுண்வேலை உளியிடம் இருக்கிறது. கூரைக்கு மரச்சில்லுகளோடு தகரமும் செம்பும் வருகின்றன. பழைய தச்சர்களை விடாமல் துரத்திய அடிப்பாகச் சிக்கலுக்கும் வழி பிறந்திருக்கிறது. கம்பத்தை மண்ணுக்குள் இறக்காமல், காங்கிரீட்டில் பதித்த இரும்புப் பட்டைகளுக்கு இடையே பிடித்து, தரையிலிருந்து ஒரு கையளவு தூக்கி நிறுத்துகிறார்கள். அடியில் காற்று போகிறது, ஈரம் தங்குவதில்லை. நட்டபின் பங்குத்தந்தை வந்து மந்திரிக்கிறார். மந்திரித்தால்தான் அது குருசடி, அதுவரை மரவேலை.